ஈதரா, எத்தில் அசிடேட்டா: மொட்டைமாடி டேங்க் சொன்ன பதில்

ஏப்ரல் கடைசியில் எங்கள் கல்லூரி வேதியியல் துறையில் இன்டென்ட் எழுதும் வேலை வந்துவிடும். அடுத்த கல்வியாண்டுக்கு என்னென்ன ரசாயனம், எத்தனை பாட்டில் என்று பட்டியல் போட்டு எச்.ஓ.டி. மேசையில் வைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், போன வருடத்துப் பட்டியலை எடுத்து எண்களை மட்டும் மாற்றிக் கொடுப்போம். "சால்வென்ட் ஈதர், 500 மி.லி., 10 பாட்டில்" (சுருக்கமாக ஈதர்; பொருள்களைக் கரைத்துப் பிரிக்கும் டைஎத்தில் ஈதர் என்ற திரவம்) என்ற வரி அப்படித்தான் பல வருடமாக யாரும் கேள்வி கேட்காமல் அதில் குடியிருந்தது.

இந்த முறை அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. காரணம், மார்ச் மாதத்து ஒரு மதியம்.

எம்.எஸ்சி. பிராஜெக்ட் மாணவி ஒருத்தி ஒரு சாற்றை ஈதரில் இறக்கி, அந்த ஈதரை வாலை வடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஆவியை வெளியே இழுக்கும் கூண்டான ஃப்யூம் ஹூட்டுக்குள் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. "மேசை மேலயே பண்ணிக்கோம்மா, வாட்டர் பாத்தானே" என்று சொன்னது நான்தான். பன்சன் பர்னர் எதுவும் எரியவில்லை, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் கண்டென்சரில் தண்ணீர் ஓடுகிறது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அறையின் மறுகோடியில், என் நாற்காலி வரைக்கும் அந்தத் தித்திப்பான வாசம் வந்தது. எழுந்து போய்க் கண்டென்சரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. அட்டெண்டர் அண்ணன் குழாயில் கையை வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், மாடி டேங்க் தண்ணி. கை வைக்க முடியல."

குடுவையில் ஊற்றியது 200 மி.லி. சேகரிப்புக் குடுவையில் இருந்தது 110. மீதி 90 மி.லி. எங்கே போயிற்று? அறைக்குள்தான். அவசர அவசரமாக ஜன்னல்களைத் திறந்தோம். பொறி தட்டக் கூடாதே என்று யாரும் எந்த ஸ்விட்சையும் தொடவில்லை, ஓடிய ஃபேன் ஓடியபடியே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால்தான் உட்கார்ந்து கணக்குப் போட நேரம் கிடைத்தது.

90 மி.லி. ஈதர் ஏறக்குறைய 64 கிராம். முழுக்க ஆவியானால் 21, 22 லிட்டர் ஆவி. காற்றில் 1.9 சதவீதம் ஈதர் ஆவி கலந்தாலே அது தீப்பிடிக்கும் கலவை. அந்தக் கணக்குப்படி 90 மி.லி. ஈதர் சுமார் 1,100 லிட்டர் காற்றை அப்படி மாற்றிவிடும். மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றை மனதில் கொண்டுவந்து பாருங்கள். அந்த அளவு வெடிமருந்து, கண்ணுக்குத் தெரியாமல், மாணவிகளின் கால் பக்கம் பரவிக் கிடந்தது. கால் பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈதர் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். கல்யாண ரிசப்ஷனில் மேடையிலிருந்து டிரை ஐஸ் புகை வழிந்து தரையோடு ஓடுமே, அதே ஓட்டம்தான். புகை தெரியும், இது தெரியாது. நாலு மேசை தள்ளி ஒரு நெருப்பைத் தொட்டால், வந்த வழியே தீ திரும்பிக் குடுவை வரைக்கும் வரும்.

சரி, ஈதருக்குப் பதில் எதை வாங்குவது? எங்கள் வேலைக்குப் போட்டியில் இருப்பவை எத்தில் அசிடேட், எம்.டி.பி.இ. (மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர்), டைகுளோரோமீத்தேன். காலம் (column, கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் கண்ணாடிக் குழாய்) ஓட்டவும் டி.எல்.சி. (அதையே சின்னத் தகட்டில் பிரித்துப் பார்ப்பது) போடவும் வேறொரு கூட்டம்: பெட்ரோலியம் ஈதர், ஹெக்ஸேன், ஹெப்டேன்.

முதலில் பலரும் பார்க்கும் எண், ஃப்ளாஷ் பாயின்ட். அதாவது, எந்த வெப்பத்தில் ஒரு திரவம் ஒரு பொறிக்குத் தீப்பற்றும் அளவு ஆவி விடத் தொடங்கும் என்பது. ஈதருக்கு மைனஸ் 45 டிகிரி, ஹெக்ஸேனுக்கு மைனஸ் 22, அசிட்டோனுக்கு மைனஸ் 20, எத்தில் அசிடேட்டுக்கும் ஹெப்டேனுக்கும் மைனஸ் 4. இதை வைத்து "எத்தில் அசிடேட் பரவாயில்லை" என்று முடிவு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனதில்லை. மைனஸ் 45 ஆனாலும் மைனஸ் 4 ஆனாலும் இந்த ஊரில் இரண்டும் ஒன்றுதான். பொறி பட்டால் பற்றும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கதை மாறாது. நாலு டிகிரி ஃப்ரிட்ஜ் ஈதருக்கு வெயில்தான். போதாததற்கு வீட்டு ஃப்ரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் கதவு விளக்கு ஸ்விட்சும் உள்ளேயே பொறி தட்டும். மூடி சரியாக இறுகாத ஒரு ஈதர் பாட்டிலை அதற்குள் வைத்து இரவு பூட்டிவிட்டுப் போவதைவிட, வெளியே நிழலில் வைப்பது மேல். ரசாயனத்துக்கென்றே செய்த, உள்ளே பொறி தட்டாத ஃப்ரிட்ஜ் இருந்தால் அது வேறு விஷயம்.

சென்னைக்கு முக்கியமான எண் கொதிநிலை. ஈதருக்கு 34.6 டிகிரி. உலகமெங்கும் லேபிளில் அச்சாகும் ஆபத்து வகைப்பாட்டில், ஃப்ளாஷ் பாயின்ட் 23க்குக் கீழே இருக்கும் திரவங்களை இரண்டாகப் பிரிக்கும் கோடு எங்கே தெரியுமா? கொதிநிலை 35 டிகிரியில். அதற்குக் கீழே கொதித்தால் முதல் வகை, மேலே கொதித்தால் இரண்டாம் வகை. ஈதர் மயிரிழையில் முதல் வகைக்குள் விழுகிறது. எத்தில் அசிடேட், ஹெக்ஸேன், அசிட்டோன் எல்லாம் இரண்டாம் வகை. இந்த ஊரில் 35 என்பது மே மாதத்துக் காலைப் பத்து மணி. 2003 மே கடைசியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வரைக்கும் போயிருக்கிறது. ஏ.சி. இல்லாத ஸ்டோர் ரூமில் அன்றைக்கு ஒரு ஈதர் பாட்டிலைத் திறந்தால், அது ஏற்கெனவே கொதிநிலையைத் தாண்டி, மூடியின் தயவில் அடங்கி இருக்கிறது என்று அர்த்தம். மூடியைத் திருகும்போது வரும் "உஸ்" சத்தம் அதுதான். விரலில் பட்ட துளி சில்லென்று பறந்து போகும். இந்த ஊர் ஈரக் காற்றில் பாட்டில் கழுத்தில் பனி முத்து கோக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கண்டென்சர் கணக்கும் இதே இடத்தில்தான் உதைக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் ஈதர் வாலை வடிப்பு எழுதிய ஊர்களில் குழாய்த் தண்ணீர் பதினைந்து டிகிரிக்குள் இருக்கும். கொதிநிலைக்கும் தண்ணீருக்கும் இருபது டிகிரி இடைவெளி. ஆவி ஒழுங்காக இறங்கிவிடும். நம் மாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் 35ஐத் தொட்டால் இடைவெளியே இல்லை. ஆவி கண்டென்சரை ஒரு சுரங்கப்பாதைபோலப் பயன்படுத்தி வெளியே போய்விடும். எத்தில் அசிடேட் 77 டிகிரியில் கொதிக்கிறது. அதே வெந்நீர் ஓடினாலும் 40 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. என் முடிவில் பாதி இந்த ஒரு கணக்கிலேயே முடிந்துவிட்டது.

(ஐஸ் போட்ட பக்கெட்டும் மீன்தொட்டிப் பம்பும் வைத்துச் சுற்றவிடலாம். 2019இல் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தபோது குழாயைத் திறந்துவிட்டு வாலை வடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்போது பழகியதுதான் பக்கெட் முறை. இப்போதும் அதுவே நல்லது. ஆனால் ஈதருக்கு ஐஸ் கரைந்ததா என்று ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். செல்போன் மணி அடித்தால் போச்சு.)

அடுத்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை: தானாகப் பற்றும் வெப்பம். சுடர் வேண்டாம், பொறி வேண்டாம், சூடான பரப்பு மட்டும் போதும். ஈதருக்கு அது 160இலிருந்து 180 டிகிரி. தோசைக்கல் நன்றாகக் காய்ந்தால் 200ஐத் தொடும். அதாவது, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று முத்துமுத்தாக ஓடுமே, அந்த நிலையில் இருக்கும் கல்லில் ஈதர் ஆவி பட்டால் அடுப்பை அணைத்திருந்தாலும் பற்றிக்கொள்ளலாம். லேபில் தோசைக்கல்லின் வேலையைச் செய்வது ஹாட் பிளேட். முழு வேகத்தில் 300ஐத் தாண்டும். "ஆஃப் பண்ணிட்டேன் மேடம்" என்பது ஈதர் விஷயத்தில் பதிலே இல்லை. ஆஃப் செய்து அரை மணி நேரம் கழித்தும் அது ஈதருக்கு நெருப்புதான். எத்தில் அசிடேட்டுக்கு இந்த எண் 420க்கு மேல், அசிட்டோனுக்கு 465. இங்கே இடைவெளி மிகப் பெரியது. ஹெக்ஸேனுக்கு 225 பக்கம். ஹெப்டேனுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, 204. ஹெப்டேனுக்கு ஓட்டுப் போடப் போகிற நான் இதை மறைக்கக் கூடாது.

தீப்பற்றும் எல்லை என்று இன்னொன்று உண்டு. ஹெக்ஸேன் ஆவி காற்றில் 1.1 முதல் 7.5 சதவீதம் வரை இருந்தால் பற்றும். அதற்கு மேல் போனால் காற்று போதாது. எத்தில் அசிடேட்டுக்கு 2 முதல் 11.5. ஈதருக்கோ 1.9 முதல் 36 வரை. ஈதர் கசிந்தால் பற்றக்கூடிய கலவை இருக்கும் இடம் மற்றவற்றைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் தாண்டி ஈதரிடம் எனக்குள்ள பழைய பயம் வேறு. அது சும்மா இருக்கும்போதே மாறும். காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல மெல்லப் பெராக்சைடு உண்டாகும். பெராக்சைடு ஈதரைப்போல ஆவியாகாது. வாலை வடிக்க வடிக்க அடியில் தங்கிச் செறிந்துகொண்டே போகும், கடைசியில் காய்ந்த குடுவையில் வெடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பரணைச் சுத்தம் செய்தபோது, பின்வரிசையில் ஒரு பழுப்பு பாட்டில் கிடைத்தது. லேபிளைப் பூச்சி அரித்திருந்தது; "ஈத" வரைக்கும் படிக்க முடிந்தது. மூடியைச் சுற்றி வெள்ளையாக, உப்புப் பூத்ததுபோல ஒரு வளையம். நான் கையை நீட்டினேன். அட்டெண்டர் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்த வெள்ளை வளையம் பெராக்சைடு படிகமாக இருந்தால், மூடியைத் திருகும் உராய்வே போதும். அறையைப் பூட்டி, கழிவு எடுக்கும் ஆட்கள் வரும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

கடையில் கிடைக்கும் ஈதரில் பெராக்சைடைத் தடுக்க பி.எச்.டி. (BHT) என்ற பொருளைத் துளியளவு சேர்த்திருப்பார்கள். வாலை வடித்துச் சுத்தம் செய்த ஈதரில் அந்தக் காவல் போய்விடும், அது இன்னும் சீக்கிரம் கெடும். திறந்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள். சோதனை எளிது: கொஞ்சம் ஈதரோடு அசிட்டிக் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்துக் குலுக்கினால் மஞ்சளோ பழுப்போ வந்தால் பெராக்சைடு இருக்கிறது. ஆனால் படிகம் தெரிகிற பாட்டிலுக்குச் சோதனை கிடையாது. அதைத் தொடவே கூடாது.

எத்தில் அசிடேட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. எம்.டி.பி.இ.யும் ஈதர் குடும்பம்தான், ஆனால் அதன் மூலக்கூறு அமைப்பு காரணமாக பெராக்சைடு மிக மெதுவாகவே உண்டாகும், கொதிநிலையும் 55. தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஈதரின் இடத்துக்கு மிக நெருங்கி வருவது அதுதான். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் கேட்டால் எத்தில் அசிடேட் உடனே கைக்கு வரும், எம்.டி.பி.இ. என்று சொன்னால் கடைக்காரர் உள்ளே போய் யாருக்கோ போன் போடுவார். கல்லூரிக்கு இது சின்ன விஷயமில்லை. டைகுளோரோமீத்தேன் சுலபத்தில் தீப்பிடிக்காது என்று பலர் அதன் பக்கம் சாய்வார்கள். அதன் கொதிநிலை 40. அதே கண்டென்சர் தொல்லை. உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும், சாதாரண லேப் கையுறையைச் சில நிமிடத்தில் ஊடுருவும். அமெரிக்காவில் 2024இல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை போட்டார்கள். டீத்தூளிலிருந்து கஃபீன் எடுக்கும் ஒரே ஒரு சோதனைக்காக அதை வைத்திருந்தோம். அதையும் எத்தில் அசிடேட்டில் செய்தோம், வந்தது.

எத்தில் அசிடேட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடர்த்தி 0.90, தண்ணீரோடு கிட்டத்தட்ட ஒட்டி நிற்பதால் அடுக்குகளைப் பிரிக்கும் செப்பரேட்டரி ஃபனலில் பால்போலக் கலங்கி, அடுக்கு பிரிய நேரம் எடுக்கும். ஈதர் 0.71, சட்டென்று மேலே ஏறி நிற்கும். எத்தில் அசிடேட் எட்டு சதவீதம்போல தண்ணீரிலேயே கரைந்து போகும். உப்புக் கரைசலில் ஒரு முறை கழுவினால் சரியாகிவிடும். பெரிய குறை வேறு: அது எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்த சேர்மம்), சோடியம் ஹைட்ராக்சைடு பட்டால் உடையும். கலவையிலிருந்து கரிம அமிலத்தைப் பிரிக்கும் சோதனையில் சோடியம் பைகார்பனேட் போட்டால் போதும், தொல்லை இல்லை. பீனாலைப் பிரிக்க ஹைட்ராக்சைடுதான் வேண்டும். அங்கே எத்தில் அசிடேட் நம்மைக் கைவிடும். அதற்கு மட்டும் எம்.டி.பி.இ. ஒரு பாட்டில். பைகார்பனேட் போடும்போது கார்பன் டை ஆக்சைடு வரும், ஃபனலின் குழாயை அடிக்கடி திறந்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈதராக இருந்தால் கைச்சூட்டிலேயே அழுத்தம் ஏறி மூடி பறக்கும் என்பதும் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

கொதிநிலை அதிகம், ஆவியாக்க நேரமாகும் என்பார்கள். அழுத்தத்தைக் குறைத்து ஆவியாக்கும் ரோட்டாவேப் இருந்தால் 240 மில்லிபாருக்கு இறக்குங்கள், 40 டிகிரியில் எத்தில் அசிடேட் வந்துவிடும்.

இனி அடுத்த கூட்டம். பெட்ரோலியம் ஈதர் ஈதரே இல்லை. அது பெட்ரோலின் லேசான தம்பி. ஆக்சிஜன் அணு ஒன்றுகூடக் கிடையாது. கடையில் "ஈதர்" என்று மட்டும் கேட்டால் "பெட் ஈதரா, சால்வென்ட் ஈதரா?" என்று திருப்பிக் கேட்பது இதனால்தான். பள்ளியில் இலை நிறமிகளைப் பிரிக்கும் சோதனைக்கு பெட்ரோலியம் ஈதர் ஒன்பது பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு என்று கலப்பார்கள். பள்ளி லேப் வைத்திருப்பவர்கள் 40–60 வகையை விட்டு 60–80 வகையைக் கேட்டு வாங்குங்கள். எண் என்பது கொதிக்கும் எல்லை. பத்து மி.லி.க்கு மேல் மேசைக்கு வர வேண்டாம். ஸ்பிரிட் விளக்கு அந்த அறையிலேயே வேண்டாம்.

ஹெக்ஸேனைப் பற்றி எனக்குத் தீயைவிட நரம்புக் கவலை அதிகம். உடலுக்குள் அது 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருளாக மாறி, கை கால் நரம்புகளைக் கெடுக்கும். 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் பசையை வீட்டுக்குள் பயன்படுத்தியவர்களுக்கு விரல் மரத்து நடை தடுமாறியது. 2009–10இல் சீனாவின் சூஜோவில் தொடுதிரைகளை ஹெக்ஸேன் கொண்டு துடைத்த தொழிலாளர்களுக்கும் அதேதான். ஒரு கார்பன் கூடுதலாக உள்ள ஹெப்டேன் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. பணியிடக் காற்றில் அனுமதிக்கும் அளவாக அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்கள் ஹெக்ஸேனுக்கு 50 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 50 பங்கு), ஹெப்டேனுக்கு 400 பி.பி.எம். என்று வைத்திருக்கிறார்கள். காலம் (column) ஓட்டும் பிள்ளைகள் நாள் முழுக்க அதன் முன்னால் உட்காருகிறார்கள். மாதக்கணக்கில் உட்காருகிறார்கள். டி.எல்.சி.யில் புள்ளி ஏறும் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹெப்டேன் விலை கூடுதல், அதற்கு எச்.ஓ.டி. முகம் சுளித்தார். நான் விரல் மரத்துப்போகும் கதையைச் சொன்னேன்.

ஹைட்ரோகார்பன் வாங்குகிறவர்கள் ஒரு அளவை நினைவில் வையுங்கள். 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டப்படி, ஃப்ளாஷ் பாயின்ட் 23க்குக் கீழே உள்ள 'ஏ' வகைப் பெட்ரோலியத்தை விற்பனைக்கு அல்லாமல் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் எல்லை 30 லிட்டர். ஆஃபரில் கிடைக்கிறதே என்று டிரம் இறக்கிவிடாதீர்கள். இன்னொன்று, இவை மின்சாரத்தைக் கடத்தாதவை. பிளாஸ்டிக் கேனில் இருந்து கேனுக்கு வேகமாக ஊற்றினால் திரவத்துக்குள்ளேயே நிலை மின்னூட்டம் சேரும். நம் ஊர்ப் புழுக்கம் சட்டையில் வரும் பொறியைக் குறைக்கும், கேனுக்குள் சேர்வதைக் குறைக்காது.

துணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக லேப் ஒன்றில், காற்றுப் பட்டதும் பற்றும் ஒரு கரைசல் சிரிஞ்சிலிருந்து சிந்தியது. அங்கே வேலை செய்த, லேப் கோட் போடாத ஒரு இளம்பெண்ணின் செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது; 18 நாள் கழித்து இறந்தார். எங்கள் லேபில் பாலியெஸ்டர் துப்பட்டாவுக்கு வாசலிலேயே ஆணி அடித்திருக்கிறோம். பருத்திக் கோட் போட்ட பிறகுதான் உள்ளே.

தீயணைப்பானில் கார்பன் டை ஆக்சைடும் உலர் பவுடரும் இரண்டு கூட்டத்துக்கும் பொருந்தும். தண்ணீர் வேண்டாம், பெரும்பாலானவை அதன் மேல் மிதக்கும். நுரை வாங்கினால் ஆல்கஹாலைத் தாங்கும் வகையா என்று கேளுங்கள். எத்தில் அசிடேட்டும் அசிட்டோனும் சாதாரண நுரையைக் கரைத்துவிடும்.

ஈதர் அறவே வேண்டாமா? மக்னீசியத்தை ஈதரில் வினைபுரிய வைக்கும் கிரிக்னார்ட் சோதனை இருக்கிறதே என்று எச்.ஓ.டி. கேட்டார். நியாயமான கேள்வி. டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) போடலாம், கொதிநிலை 66. அதுவும் பெராக்சைடு சேர்க்கும் ஆள்தான், தேதி எழுதிச் சோதித்தே தீர வேண்டும். ஆனால் மக்னீசியத் துருவல் ஈதரில் மெல்லக் கலங்கி, அடுப்பில்லாமல் தானாகக் கொதிக்கத் தொடங்கும் அந்த நிமிடத்தைப் பிள்ளைகள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1846இல் பாஸ்டனில் மோர்ட்டன் ஒரு நோயாளியை இதைத்தான் முகரவைத்துத் தூங்கப் பண்ணினார் என்ற கதையையும் அவர் அன்றைக்குத்தான் சொல்லுவார். வருடா வருடம் சொல்லுவார். அந்த வாதத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. மாதத்தை மட்டும் மாற்றினேன்.

கடைசியில் கொடுத்த இன்டென்டில் எத்தில் அசிடேட் 2.5 லிட்டர் ஆறு பாட்டில், ஹெப்டேன் நாலு, எம்.டி.பி.இ. ஒன்று. பெட்ரோலியம் ஈதர் 60–80 ஒன்று. ஹெக்ஸேனும் டைகுளோரோமீத்தேனும் அடித்தாயிற்று. அடுத்த வரியில் "சால்வென்ட் ஈதர், 500 மி.லி., 1 பாட்டில்" என்று எழுதி, தேவைப்படும் மாதம் என்ற கட்டத்தில் டிசம்பர் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அட்டெண்டர் அண்ணன் சொன்னார்: "காலைல எட்டு மணின்னும் போடுங்க மேடம். டேங்க் தண்ணி அப்பதான் சில்லுன்னு இருக்கும்."

போட்டேன்.